எட்டு எம்.எம்., கே.எஃப்.: ஒரு தோட்டாவின் இரண்டு பெயர்கள்

காவல் நிலைய வாசலில் நிற்கும் காவலரின் நீண்ட துப்பாக்கியை ‘த்ரீ நாட் த்ரீ’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்தது. வங்கிக் காவலாளியின் தோளில் தொங்குவது ‘ட்வெல்வ் போர்’. இரண்டின் வாயையும் அருகருகே பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். 303 என்ற எண்ணைச் சுமக்கும் துப்பாக்கியின் துளைக்குள் ஒரு பென்சில் போகும், அவ்வளவுதான். வெறும் 12-ஐச் சுமப்பதன் துளைக்குள் ஆள்காட்டி விரலே போகும். பெரிய எண்ணுக்குச் சின்னத் துளை, சின்ன எண்ணுக்குப் பெரிய துளை. அந்த எண்கள் எதைத்தான் எண்ணுகின்றன?

வட இந்தியக் குற்ற வழக்குத் தீர்ப்புகளைப் புரட்டினால் இதைவிட இறுகிய முடிச்சு ஒன்று கண்ணில் படும். கைப்பற்றப்பட்டது ‘.315 போர்’ தோட்டா என்று ஒரு வரி சொல்லும். அதன் அடிப்பாகத்தில் ‘8 எம்.எம். கே.எஃப்.’ என்று பொறிக்கப்பட்டிருந்தது என்று அடுத்த வரி சொல்லும். துப்பாக்கிக்கு ஒரு பெயர், அதற்குள் போகும் தோட்டாவுக்கு வேறொரு பெயர். இரண்டும் ஒன்றுதானா? ஒன்றென்றால் எப்படி நிரூபிப்பது? இந்த அத்தியாயம் அந்த ஒற்றைத் தோட்டாவைப் பின்தொடர்ந்து போகிறது. அது ஆஸ்திரியாவில் பிறந்து இந்தியாவில் நிலைத்த தோட்டா. பிறந்த நாட்டில் இன்று அது கிட்டத்தட்ட அருங்காட்சியகப் பொருள்.

ஈயத்தை எடை போட்ட காலம்

முதலில் பன்னிரண்டை அவிழ்த்துவிடலாம். அது எளிது.

பழைய துப்பாக்கிகள் உருண்டையான ஈயக் குண்டைச் சுட்டன. துளையின் அகலத்தைத் துல்லியமாக அளக்கும் கருவி அன்றைய பட்டறைகளில் அரிது. தராசு எங்கும் இருந்தது. எனவே கொல்லர்கள் எடையால் அளந்தார்கள். ஒரு பவுண்டு ஈயத்தை உருக்கிப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றில் ஒன்று எந்தத் துளைக்குள் சரியாகப் பொருந்துமோ அது பன்னிரண்டு போர். ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 454 கிராம். பன்னிரண்டில் ஒரு பங்கு சுமார் 38 கிராம். அந்த எடையுள்ள ஈய உருண்டையின் விட்டம் 18.5 மில்லிமீட்டர். இன்றைய பன்னிரண்டு போர் துப்பாக்கியின் துளையும் அதே 18.5 மி.மீ.தான். அதே பவுண்டைப் பதினாறாகப் பிரித்தால் ஒவ்வோர் உருண்டையும் சிறுக்கும். பதினாறு போரின் துளை 16.8 மி.மீ. எண் ஏற ஏறத் துளை ஏன் சுருங்குகிறது என்பது இப்போது தெளிவு.

303-இன் கணக்கு வேறு. அது அங்குலத்தின் ஆயிரத்தில் 303 பங்கு. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் இது 7.7 மி.மீ. ஆக, ‘போர்’ என்ற ஒரே சொல்லை வால்போல் கட்டிக்கொண்டு இரண்டு அளவு முறைகள் நம் ஊரில் உலவுகின்றன: ஒன்று எடையிலிருந்து வந்தது, மற்றது நீளத்திலிருந்து. இத்தோடு முடிந்திருந்தால் சிக்கலே இல்லை. ஆனால் .303 தோட்டாவிலிருந்து குண்டை மட்டும் எடுத்து அளந்தால் 7.7 வருவதில்லை. 7.9 வருகிறது.

ஒரு குழலுக்கு இரண்டு அகலம்

ரைஃபிளின் குழலுக்குள் நீளவாக்கில் சுருண்டு செல்லும் பள்ளங்கள் உண்டு. இவற்றைச் சுழல்வரி என்று அழைப்போம். குண்டு அந்த வரிகளில் கடிபட்டுச் சுழன்றபடி வெளியே வரும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல் சுழலும் குண்டும் தலைகுப்புறப் புரளாமல் நேராகப் பறக்கும்.

சுழல்வரி வெட்டப்பட்ட குழலுக்கு ஒரே அகலம் இருக்க முடியாது. வரிகளுக்கு இடையே மீந்து நிற்கும் மேடுகளுக்கு இடையிலான அகலம் ஒன்று. பள்ளத்தின் அடியிலிருந்து எதிர்ப் பள்ளத்தின் அடிவரையான அகலம் மற்றொன்று. முதலாவதை மேட்டளவு என்றும் இரண்டாவதைப் பள்ளத்தளவு என்றும் வைத்துக்கொள்வோம். குண்டு பள்ளத்தளவை ஒட்டியே செய்யப்படும். அப்போதுதான் அது பள்ளங்களை நிரப்பி, பின்னாலிருந்து தள்ளும் வாயு பக்கவாட்டில் கசியாமல் தடுக்கும்; மேடுகளும் அதைக் கவ்விச் சுழற்றும். .303-இல் மேட்டளவு 7.7 மி.மீ. பெயர் அங்கிருந்து வந்தது. குண்டு 7.9.

பெயருக்கு மேட்டளவை ஏன் எடுத்தார்கள்? பட்டறை வேலையின் வரிசையைப் பார்த்தால் விடை தெரியும். குழல் செய்பவர் முதலில் இரும்புத் தண்டில் வழவழப்பான துளை போடுகிறார். அதன் பிறகுதான் வரிகளை வெட்டுகிறார். வெட்டாமல் விட்ட இடமே மேடு. எனவே முதலில் போட்ட துளையின் அளவே மேட்டளவு. அவர் கையில் முதலில் உருவான அளவு பெயராக நின்றுவிட்டது. தோட்டா செய்பவருக்கோ குண்டின் அளவுதான் முக்கியம். அவர் பெயர் வைத்த இடங்களில் பள்ளத்தளவு பெயரானது. யார் பெயர் வைத்தார் என்று தெரியாதவரை எண் பாதிச் செய்திதான்.

அமெரிக்காவில் .30-30, .300 சாவேஜ், .30-06, .308 வின்செஸ்டர் என நான்கு தோட்டாக்கள் உண்டு. நான்கிலும் குண்டின் விட்டம் ஒன்றே: அங்குலத்தில் .308. முதல் மூன்றும் மேட்டளவிலிருந்து பெயர் பெற்றவை, நான்காவது பள்ளத்தளவிலிருந்து. குண்டு ஒன்றாக இருந்தாலும் ஒன்றின் தோட்டா மற்றொன்றின் துப்பாக்கிக்கு ஆகாது. கூட்டின் வடிவம் வேறு வேறு.

கோட்டுக்குப் பின்னால் வரும் எண்கள் இன்னும் மோசம். .30-30-இல் இரண்டாவது 30, உள்ளே இருந்த வெடிமருந்தின் எடை. அது கிரெய்ன் என்ற பழைய அளவில்; ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். .30-06-இல் 06 என்பது 1906-ஆம் ஆண்டு. .250-3000 சாவேஜில் 3000 என்பது குண்டு ஒரு நொடியில் கடக்கும் அடிகள். பிரிட்டிஷ் .577/450-இல் முதல் எண், எந்தப் பழைய தோட்டாக் கூட்டின் கழுத்தைச் சுருக்கி இது செய்யப்பட்டது என்பதைச் சொல்கிறது; இரண்டாவதே துளையின் அளவு. சயாம் ராணுவத்தின் ‘வகை 45’ மவுசர் துப்பாக்கியில் 45 என்பது புத்த ஆண்டு 2445. ஆண்டு, எடை, வேகம், வம்சம் என எல்லாமே ஒரே மாதிரி எண்களாக வந்து நிற்கின்றன.

ஐரோப்பியக் கண்டத்தின் மெட்ரிக் முறை இவற்றைவிட நேர்மையானது என்பது என் எண்ணம். அங்கே முதல் எண் துளையின் அளவு, பெருக்கல் குறிக்குப் பின்னால் வருவது கூட்டின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். அடியில் விளிம்பு புடைத்திருந்தால் கடைசியில் ஆர் என்ற எழுத்து. ஆனால் இந்த நேர்மையான முறையும் நம்மைக் கைவிடும் இடம் ஒன்று வரப்போகிறது.

மேசைமேல் ஒரு காலித் தோட்டா

இப்போது உதாரணத்துக்கு வருவோம். சுடப்பட்ட பித்தளைக் கூடு ஒன்று தடய அறிவியல் கூடத்தின் மேசைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குண்டு இல்லை, துப்பாக்கி இல்லை, கூடு மட்டும்தான். அதன் அடியில் 8 எம்.எம்., கே.எஃப். என்ற பொறிப்பு.

எழுத்துகளிலிருந்து தொடங்குவதுதான் எல்லாருக்கும் வரும் ஆசை. கே.எஃப். என்பது கிர்க்கி தொழிற்சாலை. பூனாவை அடுத்த கிர்க்கியில், இன்றைய பெயரில் கட்கியில், 1869 முதல் இயங்கும் வெடிமருந்துத் தொழிற்சாலை அது. செய்த இடம் தெரிந்துவிட்டது. ஆனால் 8 எம்.எம். என்ற மற்ற பாதி பெரிதாக உதவாது. எட்டு மில்லிமீட்டர் என்று அழைக்கப்பட்ட ரைஃபிள் தோட்டாக்கள் உலகில் ஏராளம். ஆகவே பொறிப்பை ஓர் ஓரமாக வைத்துவிட்டு, பள்ளிக்கூட ஆய்வகத்தில் நாம் எல்லாரும் பிடித்துப் பழகிய வெர்னியர் அளவியைக் கையில் எடுக்க வேண்டும்.

தோட்டாவின் உடல் உறுப்புகளுக்கு நம் மொழியில் ஏற்கெனவே உள்ள பெயர்களே இயல்பாகப் பொருந்திவிடும். கீழே புடைத்த வட்டம் விளிம்பு. அதற்கு மேல் தடித்த பகுதி அடி. மேலே போகப் போகச் சரிந்து குறுகும் இடம் தோள். குண்டைப் பிடித்திருக்கும் சிறிய குழாய் கழுத்து. அளக்க வேண்டியவை நான்கு: விளிம்பின் விட்டம், அடியின் விட்டம், கழுத்தின் விட்டம், மொத்த நீளம்.

இதில் ஓர் எச்சரிக்கை. சுடப்பட்ட கூடு சுடப்படாத கூட்டின் அளவில் இருக்காது. உள்ளே எழும் அழுத்தத்தில் பித்தளை உப்பி, துப்பாக்கியின் அறைச் சுவரில் போய் ஒட்டும். பிறகு சற்றே சுருங்கும். கழுத்து நன்றாகவே விரியும். விளிம்பும், விளிம்பை ஒட்டிய கெட்டியான அடியும் மிகக் குறைவாக மாறும். எனவே தேர்ந்த கை விளிம்பையும் அடியையும் நம்பும். கழுத்தைச் சாட்சியாக மட்டும் கேட்கும்.

நம் கூட்டின் அளவுகள் இப்படி வருகின்றன: விளிம்பு சுமார் 14 மி.மீ., அடி ஏறக்குறைய 12.5 மி.மீ., நீளம் 50 மி.மீ.க்குச் சற்று அதிகம், கழுத்து 9 மி.மீ. அளவில்.

சந்தேகப்பட வேண்டியவர்களை ஒவ்வொருவராக அழைப்போம். முதலில் .303. அதன் விளிம்பு 13.7 மி.மீ.; கண்ணால் பார்த்தால் நம் கூட்டின் விளிம்பிலிருந்து வித்தியாசம் தெரியாது. ஆனால் அதன் கூடு 56 மி.மீ. நீளம், அடி 11.7 மி.மீ.தான். நம்முடையது குட்டையானது, தடித்தது. .303 இல்லை.

‘எட்டு எம்.எம்.’ என்றதும் பலரின் நினைவுக்கு முதலில் வருவது ஜெர்மன் மவுசர். அதன் கூடு 57 மி.மீ.; விளிம்பு புடைக்காது, அடியோடு சமமாக நிற்கும். கையில் எடுத்த அந்தக் கணமே அது விலகிவிடும்.

மூன்றாவது ஆள் பிரெஞ்சுக்காரர்: 1886-இல் வந்த லெபெல். உலகில் முதன்முதலில் புகையில்லா மருந்தைச் சுட்ட ராணுவ ரைஃபிள் அதுதான். அதன் தோட்டாவின் மெட்ரிக் பெயர் 8×50ஆர். நம் கூடும் எட்டு மி.மீ., நீளம் ஐம்பது, விளிம்பு உண்டு. பெயர்ப்படி பார்த்தால் இதுவேதான்! ஆனால் லெபெலின் விளிம்பு 16 மி.மீ.; அடி கிட்டத்தட்ட 13.8 மி.மீ. நம் கூட்டைவிட அது வெளிப்படையாகப் பருத்தது. உடலும் இரண்டு கட்டங்களாகச் சரியும். மெட்ரிக் முறை கைவிடும் இடம் இதுதான். அது அகலத்தையும் நீளத்தையும் சொல்கிறது, பருமனைச் சொல்வதில்லை.

நான்காவதாக வருகிறார் ஆஸ்திரியர், மன்லிகர். அவர் தோட்டாவின் பெயரும் 8×50ஆர்! விளிம்பு 14, அடி பன்னிரண்டரை, நீளம் ஐம்பதைச் சற்றுத் தாண்டும். மூன்றும் பொருந்துகின்றன. சயாம் ராணுவத்துக்கும் 8×50ஆர் என்று ஒன்று இருந்தது. ஆக ஒரே பெயரில் மூன்று தோட்டாக்கள். ஆனால் மன்லிகர் தோட்டாவை ஆண்டுக்கணக்காக இந்தியாவில் செய்து வந்தது கிர்க்கி தொழிற்சாலை. ஓரமாக வைத்திருந்த கே.எஃப். என்ற எழுத்துகளுக்கு இப்போதுதான் வேலை வருகிறது. அளவுகள் கைகாட்டிய ஆளை அவை உறுதிப்படுத்துகின்றன.

எஞ்சியிருப்பது .315. அந்த எண்ணை 25.4-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 8.001. எட்டு மில்லிமீட்டரை அங்குலத்தில் எழுதினால் .315 வரும், வேறெதுவும் இல்லை. மன்லிகர் குழலின் மேட்டளவு அது. குண்டோ 8.2 மி.மீ., அங்குலத்தில் .323. துப்பாக்கிக்குப் பெயர் வைத்தவர்கள் அங்குலத்தில் யோசித்த பிரிட்டிஷ்காரர்கள். தோட்டா மில்லிமீட்டரில் பிறந்தது. இரண்டு பெயரும் ஒரே துளையைத்தான் சொல்கின்றன. அந்தத் துளை வழியே போகும் குண்டின் அளவை இரண்டுமே சொல்லவில்லை.

ஸ்டெயர் ஊரிலிருந்து இஷாப்பூருக்கு

ஃபெர்டினாண்ட் மன்லிகர் ஆஸ்திரியாவின் துப்பாக்கி வடிவமைப்பாளர். அவர் வரைந்தவற்றை ஸ்டெயர் நகரத்தின் ஆலை செய்தது. 1886-இல் அவருடைய முதல் ராணுவ ரைஃபிள் 11 மி.மீ. குண்டைச் சுட்டது. அதே ஆண்டு பிரெஞ்சு லெபெல் வந்ததும் பெரிய குழல்கள் எல்லாம் ஒரே இரவில் கிழடாகிவிட்டன. புதிய புகையில்லா மருந்து பழைய கருமருந்தைவிடப் பலமடங்கு வலுவாகத் தள்ளியது. ஆகவே சின்ன குண்டே வேகமாகவும் நெடுந்தூரமும் போனது. 1888-இல் ஆஸ்திரியா எட்டு மில்லிமீட்டருக்கு இறங்கியது. மருந்து தயாராகாததால் முதலில் கருமருந்தையே அடைத்தார்கள். 1890-இல் புகையில்லா மருந்துக்கு மாறினார்கள். அதே 1888-இல்தான் பிரிட்டன் .303-ஐ ஏற்றது, அதுவும் முதலில் கருமருந்தோடுதான். இரண்டும் ஒரே ஆண்டில் பிறந்த தோட்டாக்கள். 1895 மாதிரி மன்லிகர் ரைஃபிளை ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு முப்பது லட்சத்துக்கும் மேல் செய்தது. முதல் உலகப் போரில் அதன் சிப்பாய்கள் கையில் இருந்தது அதுவே.

எதிரணிப் பேரரசின் ராணுவத் தோட்டா பிரிட்டிஷ் இந்தியாவின் வேட்டைத் துப்பாக்கிக்குள் நுழைந்ததுதான் இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி. காரணம் சட்டம். 1857-க்குப் பிறகு ஆட்சியாளர்களுக்கு ஒரு பயம் நிரந்தரமாக இருந்தது: ராணுவக் கிடங்கிலிருந்து தோட்டா திருடுபோனால், அதைச் சுடும் துப்பாக்கி பொதுமக்கள் கையில் இருக்கக் கூடாது. ராணுவம் சுடும் தோட்டாவைக் குடிமக்களுக்கு மறுத்துவிட்டால் திருடியவருக்கு அது வெறும் பித்தளை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அளவுத் துப்பாக்கிகளும் இதே காரணத்தால் இந்தியாவில் தடைப்பட்டன; அந்த அளவைச் சுட்ட, வழக்கொழிந்த மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்கள் கலகக்காரர்கள் கையில் நிறைய இருந்தன. தடையைக் கேட்டதும் லண்டன் துப்பாக்கி நிறுவனங்கள் .465, .470 என்று சற்றே தள்ளிய அளவுகளில் புதிய வேட்டைத் தோட்டாக்களை உருவாக்கின. யானை, காட்டெருமை வேட்டைக்காரர்கள் இன்றும் புகழும் அந்தத் தோட்டாக்களுக்குப் பின்னால் இருப்பது இந்தியச் சட்டப் புத்தகம்.

.303-க்கும் அப்படி ஒரு மாற்று தேவைப்பட்டது. அங்கே மன்லிகர் தோட்டா பொருந்திய விதம் அழகானது. பிரிட்டிஷ் ‘லீ’ ரைஃபிளின் பொறியமைப்பு, விளிம்பு புடைத்த தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. .303-இன் விளிம்பு 13.7, மன்லிகரின் விளிம்பு 14. குண்டோடு சேர்த்து .303-இன் முழு நீளம் 78 மி.மீ.; மன்லிகரின் நீளம் 76. எனவே அதே பொறியமைப்பில் குழலை மாற்றி, சில சில்லறைத் திருத்தங்கள் செய்தால் போதும். அதேசமயம் அடி தடித்த மன்லிகர் தோட்டா .303 அறைக்குள் நுழையவே நுழையாது. 56 மி.மீ. நீளக் கூடுள்ள .303 தோட்டாவும் .315 அறைக்குள் முழுதாக இறங்காது. சட்டம் கேட்டது இதைத்தான்: ஒரே பட்டறையில் செய்யக்கூடிய, ஆனால் ஒன்றுக்கொன்று உதவாத இரண்டு துப்பாக்கிகள்.

பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் .315 வேட்டை ரைஃபிள்களைச் செய்து இந்தியாவுக்கு அனுப்பியது. சுதந்திரத்துக்குப் பிறகு கல்கத்தாவுக்கு வடக்கே உள்ள இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை அந்தப் பெயரைத் தொடர்ந்தது. சட்டம் எழுதிய ஆட்சி போய்விட்டது. அது உண்டாக்கிய அளவு இன்றும் இந்தியாவில் உரிமம் பெற்றவர்கள் வாங்கும் ரைஃபிளின் அளவாக நிற்கிறது. உரிமம் இல்லாத கள்ளத் துப்பாக்கிகளும் கிடைக்கும் தோட்டாவுக்கு ஏற்பவே செய்யப்படுவதால்தான் வட இந்தியத் தீர்ப்புகளில் .315 அத்தனை முறை தலைகாட்டுகிறது.

பெயரை நம்பினால்

சில பெயர்க் குழப்பங்கள் தீங்கற்றவை. ஜிம் கார்பெட் 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை வீழ்த்தியதற்காக, ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் ஜே.பி. ஹியூவெட் அவருக்கு ஒரு ரிக்பி ரைஃபிளைப் பரிசளித்தார். கார்பெட்டின் வாசகர்கள் அதை .275 என்று அறிவார்கள். 25.4-ஆல் பெருக்கினால் ஏழு மில்லிமீட்டர். அது ஜெர்மனியின் 7×57 மவுசர் தோட்டாவேதான். லண்டன் நிறுவனம் அங்குலத்தில் பெயர் சூட்டி விற்றது. இரண்டு பெயரையும் ஒன்றாகக் கொள்வதால் இங்கே யாருக்கும் ஆபத்தில்லை.

ஆபத்துள்ளவை வேறு. ஜெர்மன் எட்டு மி.மீ. மவுசர் தோட்டாவின் குண்டு ஆரம்பத்தில் .318 அங்குலம். 1905-இல் ஜெர்மனி கூர்முனைக் குண்டுக்கு மாறியபோது விட்டத்தை .323 ஆக்கியது. வித்தியாசம் 0.13 மி.மீ.; ஒரு தபால் அட்டையின் கனம்கூட இல்லை. கூடு மட்டும் மாறவேயில்லை. அதனால் புதிய தோட்டா பழைய துப்பாக்கிக்குள் தடையில்லாமல் போய் உட்காரும். சுட்டால் பெரிய குண்டு சிறிய குழலுக்குள் நெருக்கித் திணிக்கப்படும். அழுத்தம் கட்டுமீறி ஏறும். பழைய உலோகம் தாங்காமல் போகலாம்.

மன்லிகர் குடும்பத்திலும் இந்தப் பொறி உண்டு. 1930-களில் ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் 8×50-ஐக் கைவிட்டு 8×56-க்கு மாறின. பழைய 1895 ரைஃபிள்களில் நிறையவற்றின் அறையைப் புதிய தோட்டாவுக்காக மாற்றி, அடையாளமாக எஸ் அல்லது எச் என்ற எழுத்தைக் குழலின் மேல் பெரிதாக அடித்தார்கள். இரண்டு கூடுகளுக்கும் ஒரே விளிம்பு, ஒரே அடி. நீளம் மட்டும் ஆறு மி.மீ. போல வேறுபடும். புதியதன் குண்டு 8.35 மி.மீ. ‘எட்டு எம்.எம். மன்லிகர்’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. அளவியை வைத்தால் அரை நிமிடத்தில் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். .318 வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று ஒரு வேட்டைத் தோட்டா இருந்தது. பெயரளவில் .315-க்கும் அதற்கும் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்றுதான். ஆனால் அதற்குப் புடைத்த விளிம்பு இல்லை. கூடு .315-இன் கூட்டைவிடப் பத்து மி.மீ.க்கும் மேல் நீளம், குண்டு .330 அங்குலம், .315-இன் குண்டைவிடப் பெரிது. மவுசரின் பழைய குண்டும் .318, இதன் பெயரும் .318, ஒன்றின் குண்டு மற்றதன் குழலுக்கு ஒத்துவராது. எண்கள் நெருங்கியிருப்பதைப் பார்த்துப் பொருள்களும் நெருங்கியவை என்று முடிவுகட்டுவது தோட்டாக்களிடம் மட்டும் கூடவே கூடாது.

தாத்தா காலத்துப் பெட்டியிலோ பழைய தோட்ட பங்களாவின் அலமாரியிலோ சுடப்படாத தோட்டா கிடைத்தால் அதை அளந்து பார்க்கவும் தேய்த்துப் பொறிப்பைப் படிக்கவும் கை துறுதுறுக்கும். வேண்டாம். நூறு வயதானாலும் உள்ளிருக்கும் மருந்து உயிரோடிருக்கலாம். உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமும்கூட. காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்துவிடுவதுதான் வழி. இந்த அத்தியாயத்தில் சொன்ன அளவெல்லாம் காலிக் கூட்டில், அதற்கான கூடத்தில், பயிற்சி பெற்றவர் கையில் நடப்பது.

கூடு சொல்லும் இரண்டாவது செய்தி

நம் மேசைக்குத் திரும்பினால், கூட்டின் பெயர் தெரிந்துவிட்டது: 8×50ஆர் மன்லிகர், இந்தியாவில் .315. நீதிமன்றத்துக்கு இது போதாது. .315 துப்பாக்கிகள் நாட்டில் நிறைய இருக்கின்றன. இந்தக் கூட்டைச் சுட்டது அவற்றில் எது?

1927 செப்டம்பரில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் கட்டரிட்ஜ் என்ற காவலர் சாலையோரம் சுட்டுக் கொல்லப்பட்டார். திருடப்பட்ட கார் ஒன்று லண்டனில் அநாதையாக நின்றது. அதற்குள் ஒரு காலித் தோட்டா. அடியில் ஆர், எல் என்ற எழுத்துகளும் ரோமன் எண்ணில் நான்கும். ஆர்.எல். என்பது வுல்விச் ராணுவ ஆலையின் ராயல் லேபரட்டரி. நான்கு என்பது வெப்லி கைத்துப்பாக்கித் தோட்டாவின் நான்காம் மாதிரி. அந்தப் பொறிப்பு வழக்கொழிந்த பழைய வகைத் தோட்டாவைச் சுட்டியது. தேடலும் அதற்கேற்பக் குறுகியது. அடுத்த ஜனவரியில் பிரௌன் என்பவர் கைதானபோது அவரிடம் வெப்லி ஒன்று கிடைத்தது.

துப்பாக்கி நிபுணர் ராபர்ட் சர்ச்சில் அந்தக் கூட்டின் அடியை நுண்ணோக்கியில் பார்த்தார். வெடித்த கணத்தில் கூடு பின்னோக்கி அறையப்படும். துப்பாக்கியின் பின்சுவரில் உள்ள ஒவ்வொரு கீறலும் குழியும் பித்தளையில் அச்சாகப் பதியும். அரம் தேய்த்த தடம் ஒரு துப்பாக்கிக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது. காரில் கிடைத்த கூட்டின் அச்சும் பிரௌனின் வெப்லியில் சோதனைக்காகச் சுட்ட கூட்டின் அச்சும் ஒத்துப்போயின. 1928 மே மாதம் பிரௌன் தூக்கிலிடப்பட்டார்.

நம் .315 கூட்டுக்கும் அடுத்த வேலை அதுவே. வெர்னியர் அளவியை உறையில் போட்டுவிட்டு, இரண்டு கூடுகளை ஒரே பார்வைக்குள் பக்கம் பக்கமாகக் காட்டும் ஒப்பீட்டு நுண்ணோக்கிக்குக் கூட்டை நகர்த்துகிறார்கள். அங்கே 8 எம்.எம்., .315, மன்லிகர் என்ற எந்தப் பெயரையும் யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பது நடுவில் ஊசி குத்திய குழியையும் அதைச் சுற்றிய மெல்லிய கீறல்களையும்தான்.